எட்டு மாதம் கழித்து ஒரு துக்க வீடு

பிணம் வைக்கும் குளிர்பெட்டி பாதியில் நின்றுவிட்டது, உடனே வர முடியுமா என்று போன் வந்தபோது ஃப்ரிட்ஜ்காரர் ஒரு ஐஸ்கிரீம் கடையின் பின்கட்டில் குந்தியிருந்தார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஃப்ரிட்ஜ்காரர்தான். வீட்டுக் குளிர்பெட்டி, கடை ஏசி, மீன் குடோனின் குளிர் அறை என்று எது மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் போன் போகும். இருபத்தெட்டு வருட வேலை.

“அந்த வேலை நான் எடுக்கறதில்லைங்க” என்றார்.

“தெரியும் சார். என் ஆள் வெளியூர் போயிட்டான். நாலு பேரைக் கேட்டுப் பார்த்துட்டேன், யாரும் சிக்கல. பையன் வெளிநாட்டுலேர்ந்து நாளைக்கு மத்தியானம்தான் வந்து இறங்குறான். அதுவரைக்கும் அப்பாவை வெச்சிருக்கணும். வெயில் எப்படிக் கொளுத்துதுன்னு உங்களுக்கே தெரியும்.” பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மா மூஞ்சியில என்னால முழிக்க முடியல சார்.”

ஃப்ரிட்ஜ்காரர் ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டார். பிறகு முகவரியைக் கேட்டார்.

அவர் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. தெருவில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போவார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய மகள் செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது. ஒரே பிள்ளை. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். ஓயாத வாய். பல் பிடுங்க வந்தவர்கள் இவளிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, கூப்பிட்ட பிறகும் உள்ளே போக மறந்து நிற்பார்கள் என்று டாக்டரே சொல்லிச் சிரிப்பார். அப்பா அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்.

காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரை போட்டுக்கொண்டு படு என்று அப்பா சொன்னார். மூன்று நாளும் அதையேதான் சொன்னார். நாலாம் நாள் அவர் மீன் குடோனின் குளிர் அறைக்குள் இருந்தபோது அம்மாக்காரி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனை வெளியே பையில் வைத்துவிட்டு உள்ளே போவது அவர் பழக்கம். வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தால் மனைவியிடமிருந்து பதினோரு அழைப்புகள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அவர் யாரையும் எதுவும் செய்ய விடவில்லை. “போனவ திரும்பி வரப்போறாளா? குளிப்பாட்டி, மாலை போட்டு, ஊரைக் கூட்டி, யாருக்கு இதெல்லாம்?” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. அவர், மனைவி, அண்ணன், வண்டி ஓட்டி வந்தவர், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. மறுநாள் காலை வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். உள்ளே கூடத்தில் இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து அந்தக் காலடிச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் அவர் வேலைக்குப் போனார். அவர் மனைவியும் தான் வேலை பார்த்த பட்டன் கடைக்குப் போனாள். பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கிற கடை அது.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது என்ற அளவோடு நின்றுபோனது.

இறந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். பிரேக் வாத்தியார் என்று பெயர். தெருவே அவரிடம் ஓட்டப் பழகியிருக்கும் போல. வாசலில் அத்தனை கூட்டம். ஃப்ரிட்ஜ்காரர் கருவிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார்.

கூடத்தின் நடுவில் பெட்டி இருந்தது. கண்ணாடி மூடியின் உட்புறம் வேர்த்திருந்தது. சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கால்மாட்டுப் பக்கம் போய் மண்டியிட்டு மோட்டார் பலகையைக் கழற்றினார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. காற்று இழுக்கும் சல்லடை முழுக்க மாலைகளிலிருந்து உதிர்ந்த இதழ்கள் அப்பிக்கிடந்தன. காற்றுப் போகாமல் கம்ப்ரஸர் சூடேறி, அதைக் கிளப்பிவிடும் ரிலே கருகியிருந்தது. இதழ்களை விரலால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக் கைக்குட்டையில் போட்டார். பையிலிருந்து புது ரிலே எடுத்து மாட்டினார். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது.

“ஆயிடுச்சா?” என்று கேட்டாள் இறந்தவரின் தங்கை. ஐம்பதை ஒட்டிய வயது. வருகிறவர்களை உள்ளே கூட்டி வருவதும் உட்கார வைப்பதும் அவள்தான்.

“ஓடுதுங்க. நாலு டிகிரிக்கு இறங்கணும். இறங்குற வரைக்கும் நான் பக்கத்துல இருந்து பார்க்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“இருங்க. யாராவது இவருக்குத் தண்ணி குடுங்கப்பா.”

அவர் சுவரோரம் உட்கார்ந்து பெட்டியின் வெப்பமானியில் கண்ணை வைத்துக்கொண்டார். கண்ணை அங்கே நிறுத்தலாம். காதை நிறுத்த முடியவில்லை.

யாராவது உள்ளே வருவார்கள். பெட்டியைத் தொட்டுவிட்டு, வாத்தியாரின் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

“எப்படி ஆச்சு?”

அந்த அம்மாள் சொல்லத் தொடங்குவாள். “காலைல எந்திரிச்சாரு. பல் தேய்க்கப் போனாரு. உள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. என்னங்க, தண்ணி வீணாப் போகுதே, குழாயை மூடத் தெரியாதான்னு கத்தினேன். கத்தினேன்க்கா... திட்டினேன்...” அதற்கு மேல் போக முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவாள். சுற்றியிருந்தவர்கள் சேர்ந்து அழுவார்கள். கொஞ்சம் அடங்கும். அடுத்த ஆள் வருவார்.

“எப்படிம்மா ஆச்சு?”

ஃப்ரிட்ஜ்காரருக்குத் தலைக்குள் ஏதோ சூடேறியது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் தன் வீட்டுக்கே பூட்டுப் போட்டார். இங்கே வரிசை கட்டி வந்து கேட்கிறார்கள். பக்கத்தில் வந்த தங்கையிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “ஒருத்தர் ரெண்டு பேர் கேட்டாப் பத்தாதா? அந்தம்மாவை ஏங்க இப்படி வதைக்கிறீங்க?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “காலைல அவளுக்கு வாயே திறக்கல. காலைல எந்திரிச்சாருங்கறது வரைக்கும்தான் வந்துச்சு. இப்போ குழாய் வரைக்கும் வந்திருக்கா” என்றாள். அதற்குள் வாசலில் யாரோ வர, எழுந்து போய்விட்டாள்.

மானி பன்னிரண்டைக் காட்டியது. பிறகு பத்து. ஒன்பது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொருவரிடமும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். குழாயைத் தாண்டினாள். கதவைத் தட்டியதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து உடைத்ததைச் சொன்னாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்ததைச் சொன்னாள். பெட்டி ஆறு டிகிரிக்கு வந்தபோது வாத்தியாரிடம் ஓட்டப் பழகிய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் அந்த அம்மாள் முதல்முறையாகக் கடைசிவரைக்கும் போனாள்.

“ஆம்புலன்ஸ்ல நானும் ஏறினேன். அந்த டிரைவர் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறான். உனக்குத்தான் தெரியுமே, எவன் வண்டில ஏறினாலும் இவரு கால் சும்மா இருக்காது, பிரேக் இருக்கோ இல்லையோ தரையை அமுக்கிக்கிட்டே வருவாரு. நான் அந்தக் காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு திருப்பத்துல வண்டி அப்படியே சாயுது. அப்பவும் அமுக்கல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

ஓட்டப் பழகிய பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாளும் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே உடைந்து, பெட்டியின் மேல் சாய்ந்து குரலெடுத்து அழுதாள். அதுவரைக்கும் அந்தக் கூடத்தில் கேட்காத அழுகை அது. யாரும் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அழட்டும் என்று விட்டார்கள்.

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?” பக்கத்தில் வந்து உட்கார்ந்த தங்கை கேட்டாள். பேச்சுக்குக் கேட்டது போலத்தான் இருந்தது.

“ஒரு பொண்ணு.”

“என்ன பண்ணுது?”

“பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்குது” என்றார். சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டது. மானியைப் பார்த்தார். எண்கள் கலங்கித் தெரிந்தன. “செத்துட்டா” என்றார். “எட்டு மாசம் ஆச்சு.”

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. நகர்ந்து அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கேட்டதையே அவளும் கேட்டாள்.

“எப்படி?”

“காய்ச்சல். நாலு நாள். நான் குளிர் ரூம்ல இருந்தேன். வெளிய வந்து போனைப் பார்த்தேன். பதினோரு தடவை கூப்பிட்டிருக்காங்க.” நிறுத்தினார். அடுத்து என்ன சொல்வது என்று தேடினார்.

“அப்புறம்?”

“அப்புறம் எனக்குத் தெரியாது.”

“கூட யாருமே இல்லையா?”

“எங்க வீட்டுக்காரி இருந்தா. கடைசி வரைக்கும் அவதான் இருந்தா.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

ஃப்ரிட்ஜ்காரர் தரையைப் பார்த்தார். “நான் கேக்கலைங்க” என்றார்.

மானி நாலுக்கு வந்தது. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தவர், பழக்கதோஷத்தில், “காலைல வந்து பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். துக்க வீட்டில் வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். தங்கை மட்டும், “பெட்டியைத்தானே சொல்றீங்க, வாங்க” என்றாள்.

வீட்டுக்குப் போனபோது மாலை வெளிச்சம் இருந்தது. மனைவி கடையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, சமையல் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு?”

அவள் திரும்பினாள். அவர் சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பது போலப் பார்த்தாள்.

“இன்னிக்கு என்ன திடீர்னு?”

“சொல்லு. நான் கேட்டிருக்கணும். கேக்கல.”

“எட்டு மாசம்” என்றாள். குரல் உயரவில்லை. “எட்டு மாசமா இது இங்க கிடக்குது.” நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினாள். “கடையில பட்டனை எண்ணிப் போடும்போது வாய்க்குள்ளயே சொல்லிப் பார்ப்பேன். ஒருத்தர் கேட்டதில்ல. கேக்கத்தான் வந்தாங்க, நீங்க பூட்டு போட்டீங்க. இப்போ நீங்க கேட்டதும் நான் ஒப்பிக்கணுமா?”

“தப்புதான்.”

“உங்ககிட்ட தனியா சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க செத்துருவீங்க, இல்ல நான் உங்களைக் கொன்னுருவேன்.” மூச்சு வாங்கினாள். “அன்னிக்கு வாசலோட திரும்பிப் போனாங்களே, அத்தனை பேரையும் நீங்களே போய்க் கூப்பிடுங்க. என் பிள்ளைக்கு இந்த வீட்டுல துக்கம் நடக்கணும். பத்து நாள். ஒரு நாள் குறையக்கூடாது. அப்போ சொல்றேன். எல்லாருக்கும் சொல்லும்போது நீங்களும் கேட்டுக்குங்க.”

காலையில் சொன்னபடி போய் வாத்தியாரின் பெட்டியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஃப்ரிட்ஜ்காரர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினார். அண்ணன் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். பல் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து, “உங்க வீட்டு வாசல்ல ரெண்டு தடவை வந்து நின்னேன்” என்றார். மகளின் சிநேகிதி ஒருத்தி கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்தவுடனேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் சொல்ல வந்ததை அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

மனைவியின் அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். பிள்ளை பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் அந்தப் பெரியம்மாதான். அவள் அவரை உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்றபடியே பேசினாள்.

“எதுக்குத் தம்பி இப்போ?”

“அவ ஆசைப்படறாக்கா. நானும்தான்.”

“அன்னிக்கு நான் புதுத்துணி எடுத்துக்கிட்டு வந்தேன். கடைசியா அவளுக்குப் போத்தறதுக்கு. எங்க கொண்டுபோனீங்க, என்ன பண்ணினீங்கன்னு ஒருத்தரும் சொல்லல. அதான் வீட்டுக்கு வந்தேன். பூட்டு தொங்குது.”

“வெளிய...” என்று ஆரம்பித்தார். வெளியே போயிருந்தோம் என்ற பொய் எட்டு மாதமாக நாக்கில் தயாராக இருந்தது.

“ஃபேன் ஓடற சத்தம் கேட்டுச்சு தம்பி” என்றாள் அவள். “ஜன்னல்கிட்ட போய் நின்னேன். என் தங்கச்சி இருமினா. அவ இருமல் எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம் நின்னேன். அந்தத் துணியைக் கையில வெச்சுக்கிட்டு நடுரோட்டுல நடந்து வீட்டுக்கு வந்தேன்.”

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கதவைச் சாத்தினாள். படி இறங்கி அவர் தெருவுக்கு வந்தபோது பின்னால் கதவு மறுபடி திறந்தது.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்திலிருந்த கட்டிலை வெளியே போட்டார்கள். பாயை விரித்தார்கள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. கழுவி வழியனுப்ப உடம்பு இல்லை. கிளினிக்கில் மகள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டை மனைவி மடித்துக் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்தாள். அதன் பையில் எழுதாத பேனா ஒன்று இருந்தது. பெரியம்மா தான் அன்றைக்கு எடுத்த துணியைப் பிரித்துக் கோட்டின் மேல் போர்த்தினாள். அலமாரியில் இருந்து இருந்து மடிப்பு மஞ்சளித்திருந்தது.

பிறகு தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள்.

“வாசல் பூட்டிக் கெடந்ததடி – என் கண்ணே
வந்த பெரியம்மா திரும்பினேன்டி
பேசிப் பேசிச் சிரிச்ச வாயி – என் கண்ணே
பேச்சில்லாமப் போனதென்னடி”

எல்லோர் காதிலும் விழுந்தது. ஆண்களோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃப்ரிட்ஜ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நேருக்கு நேர் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். பாட்டில் வந்ததால் யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை, அவரைத் திட்டவும் இல்லை. அவர் செய்தது அத்தனை பேருக்கும் நடுவில் வைக்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒப்பாரி அடங்கியதும் மகளின் சிநேகிதிதான் கேட்டாள். “எப்படிம்மா ஆச்சு?”

ஃப்ரிட்ஜ்காரர் எழுந்து நிலைக்கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“நாலாம் நாள் காலைல எந்திரிக்க முடியலைன்னா” என்று மனைவி ஆரம்பித்தாள். “ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. டாக்டர் ஓடி வந்தாரு, ரொம்ப லேட்டாக் கொண்டுவந்திருக்கீங்கம்மான்னாரு. நான் போனை எடுத்தேன். எடுத்ததும் என் கையைப் பிடிச்சா. அப்பாவைக் கூப்பிடாதம்மா, வேலைல இருக்கும்போது போன் வந்தா அப்பாவுக்குக் கடுப்பாவும்னா...”

அங்கே நின்றுபோனாள். பெரியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஃப்ரிட்ஜ்காரருக்கு நினைவு வந்தது. ஒரு வருடத்துக்கு முன், ஏணி மேல் நிற்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. வரும்போது ஏதோ வாங்கி வரச் சொல்வதற்காக. வேலை நேரத்தில் உயிர் போகிற விஷயம் இருந்தால் மட்டும் கூப்பிடு என்று கத்தியிருந்தார். அவள் சிரித்துக்கொண்டு, “சரிங்க ஆபீசர்” என்று வைத்துவிட்டாள். அன்றைக்கே அதை அவர் மறந்துபோயிருந்தார்.

இந்த எட்டு மாதமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. மாத்திரை போட்டுப் படு என்று சொன்ன அப்பனைச் சபித்துவிட்டுத்தான் அவள் போயிருப்பாள் என்று நினைத்திருந்தார். அண்ணன் பின்னாலிருந்து அவர் அக்குளில் கைகொடுத்துப் பிடித்து, நிலைப்படியிலேயே உட்கார வைத்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மனைவி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள்.

“நான் கேக்கல. போட்டேன். பதினோரு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் விடும்மா விடும்மான்னா. அப்புறம் குளிருதுன்னா. தலைக்கு மேல ஒரு ஏசி கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நர்ஸைக் கூப்பிட்டு, சிஸ்டர், இதுல ஃபேன் பிளேடு தட்டுது, எங்கப்பா வந்தா ரெண்டு நிமிஷத்துல சரிபண்ணிடுவாரு, நீங்க ஒரு டீ மட்டும் வாங்கிக் குடுத்துருங்கன்னா. அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. இவளும் சிரிச்சா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல. ஒரு மணி நேரம் நான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ பேசாம இருந்ததை நான் அன்னிக்குத்தான் முதல்முதல்ல பார்த்தேன்.”

அன்று வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும். மனைவி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் முறை கேட்டபோதும் ஃப்ரிட்ஜ்காரரால் நிற்க முடியவில்லை. ஐந்தாம் முறை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலையில் பல் டாக்டர் வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கையால் கணவனைக் காட்டினாள். அவர் டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். மூன்று நாளும் மாத்திரை போதும் என்று தான் சொன்னதிலிருந்து தொடங்கினார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கடுப்பாவும் என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் வரவில்லை. டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மனைவி, தொண்டை கட்டிய குரலில், அவருக்காக மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

பத்து நாளும் சொன்னபடி நடந்தது. வருகிற போன்களை வேறொரு மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டார். அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வந்தது. வந்தவர்கள் சொல்லாமல் வந்தார்கள், சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். ஆறாம் நாள் வாக்கில் கூடத்தில் அழுகையைவிடப் பேச்சு கூடுதலாக இருந்தது. மகள் கிளினிக்கில் ஒரு போலீஸ்காரரிடம், பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால் முதலில் தொப்பியைக் கழற்றுங்கள், சிரிப்பு வருகிறது என்று சொன்னதை டாக்டர் சொன்னார். பெற்றவர்களுக்கு அது தெரியாது. அப்படித் தெரியாதவை எத்தனையோ வந்தன. வந்தவை எல்லாமே நல்லவை இல்லை. அவளுக்குப் பிடித்தவன் ஒருவன் இருந்தான், அப்பாவிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தாள் என்று சிநேகிதி சொன்னாள். அவன் ஒன்பதாம் நாள் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனான். ஃப்ரிட்ஜ்காரர் அவனை உட்காரச் சொன்னார், அவன் உட்காரவில்லை.

பத்தாம் நாள் காலையில் அவர் தாடியை மழித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டைப் பெரியம்மா எடுத்துக்கொண்டு போனாள். நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டாள், மனைவி தலையசைத்தாள். மத்தியானத்துக்கு மேல் வீடு காலியானது. கட்டிலை உள்ளே கொண்டுவந்து போட்டார்கள்.

“உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க” என்றாள் மனைவி.

“நினைக்கல.”

“மூணு நாள் நானும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்னீங்கன்னு நானும் சும்மா இருந்தேன்.” கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “என்னையும் மன்னிக்கல.”

அவர் எதிர்ச் சுவருக்குப் போகவில்லை. கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

மறுநாள் மகளின் அலமாரியைக் காலி செய்வதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. அவர் வேண்டாம் என்றார். அவள் இன்றைக்கே செய்ய வேண்டும் என்றாள். எட்டு மாதத்தில் முதல் சண்டை. அவர் கத்தினார், அவள் அதற்கு மேல் கத்தினாள், பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. நீ மட்டும்தான் பெத்தியா என்று அவர் கேட்டார், நீங்க மட்டும்தான் தொலைச்சீங்களா என்று அவள் கேட்டாள். கடைசியில் மேல்தட்டை மட்டும் காலி செய்வது, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிந்தது. மேல்தட்டில் குளிர்காலத் துணிகள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தாள், அவர் மடித்தார். அவர் மடித்தது சரியில்லை என்று அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.